வேனின் எடையும் அதன் நான்கு சக்கரங்களும்

அமெரிக்காவில் வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் அமைத்துக்கொண்டு பாலைவனத்துக்கும் மலைக்காட்டுக்கும் போகிறவர்களிடையே ஒரு கேள்வி அரை நூற்றாண்டாக ஓயாமல் கேட்கப்பட்டு வருகிறது. வேனின் முன்சக்கரங்களுக்கும் இன்ஜின் விசையைக் கொண்டுபோவது எப்படி, அதற்கு எந்த சஸ்பென்ஷன் பொருந்தும் என்பதே அது. கேள்வி பிறந்த காரணம் எளிது. ஃபோர்டு நிறுவனம் எகனோலைன் வேனை 1961ஆம் ஆண்டு மாடலாக அறிமுகப்படுத்தியது. பின்னர் ஈ-சீரிஸ் என்று பெயர் பெற்ற அந்த வரிசையில் மூடிய வேன்களை 2014 வரை விற்றது. இத்தனை காலத்தில் ஒரு முறைகூட ஃபோர் வீல் டிரைவ் உள்ள ஈ-சீரிஸை அது தன் தொழிற்சாலையில் கட்டி விற்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு தனித் தொழிலே வளர்ந்தது. 1970களில் பாத்ஃபைண்டர், பிறகு பென்சில்வேனியாவில் குவிக்லி, ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் குவாட்வேன், கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஸ்போர்ட்ஸ்மொபைல், வட கரோலினாவில் யூஜாயின்ட் ஆஃப்ரோடு என்று ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு முறையை உருவாக்கிக்கொண்டது. வாங்க வருகிறவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது எந்த முன் அச்சு, முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எது, எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்பதுதான். இந்த வரிசையே தலைகீழானது என்பது என் வாதம். வேனின் எடையை முதலில் அறிய வேண்டும். அந்த எடைக்கு ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். டயர் அதற்கடுத்தது, அந்த டயருக்கு ஏற்ற கியர் விகிதம் அதற்கும் அடுத்தது. இவையெல்லாம் முடிவான பிறகு முன் அச்சையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் பற்றிப் பேசினால், பெரும்பாலான குழப்பங்கள் தாமாகவே தீர்ந்திருக்கும்.

எடையிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈ-350 வேனுக்கு ஃபோர்டு அனுமதித்த மொத்த எடை, வண்டி, ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்த்து, 9,500 பவுண்டு வரை. ஏறத்தாழ 4,300 கிலோ. சரக்கு வேனாகவோ ஆட்களை ஏற்றும் வேனாகவோ ஓடும்போது அது காலையில் காலியாகவும் மாலையில் நிரம்பியும் இருக்கும். பயணவீடாக மாற்றிய வேனின் நிலை வேறு. மரப்பெட்டிகள், பேட்டரிகள், குளிர்சாதனப் பெட்டி, உயர்த்தித் திறக்கும் கூரை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏறிய பிறகு அது ஒருநாளும் காலியாக ஓடுவதில்லை. ஒரு அமெரிக்க காலன் தண்ணீரின் எடை 8.34 பவுண்டு. 40 காலன் தொட்டி நிரம்பினாலே சுமார் 150 கிலோ வந்துவிடுகிறது. இதோடு, முன்னால் பொருத்தும் கனமான அச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டாவது டிரைவ் ஷாஃப்ட், பெரிய டயர்கள், அவற்றுக்கு மேல் இரும்பு பம்பரும் வின்ச்சும் சேரும்போது, மாற்றமே அனுமதித்த எடையில் கணிசமான பங்கைத் தின்றுவிடுகிறது. கனமான ஸ்பிரிங் போட்டுவிட்டால் சுமக்கும் திறன் கூடிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். ஸ்பிரிங் மாறியதால் சேசிஸோ பிரேக்கோ வீல் பேரிங்கோ டயரோ மாறிவிடுவதில்லை. தொழிற்சாலை ஒட்டிய தகட்டில் உள்ள எண்ணும் மாறுவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் நிறுவனத்தின் எடைமேடைகள் இருக்கின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியே எடை தருகின்றன, கட்டணமும் மிகக் குறைவு. பல்லாயிரம் டாலர் செலவழிக்கப் போகிறவர்கள் இந்த ஒரு சீட்டு இல்லாமலேயே ஸ்பிரிங் வாங்குகிறார்கள். தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, பயணம் போகிற ஆட்களோடும் பொருள்களோடும் எடுத்த எடைச் சீட்டு கையில் இல்லாதவருக்குப் பட்டறைக்காரர் சொல்லும் எந்த ஆலோசனையும் ஊகம்தான்.

எடை தெரிந்த பிறகு ஸ்பிரிங்கின் கணக்கு தெளிவாகிறது. சுமையின் கீழ் ஒரு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பதைக் கொண்டே, வண்டி ஒரு விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று சொல்லிவிடலாம். 10 செ.மீ. அமுங்கினால் விநாடிக்குச் சுமார் 1.6 முறை, 16 செ.மீ. அமுங்கினால் சுமார் 1.25 முறை. விநாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை முறை வரை உள்ள ஆட்டத்தை மனித உடல் எளிதாகத் தாங்குகிறது. அதற்கு மேலே போகப் போக ஒவ்வொரு குலுக்கலும் முதுகெலும்பில் தெரியும். தொழிற்சாலை வேனின் பின்புறப் பட்டை ஸ்பிரிங், காலி வண்டியையும் நிரம்பிய வண்டியையும் ஒருசேரச் சமாளிக்க வேண்டியிருப்பதால் ஒரு சமரசமாகவே அமைகிறது. பயணவீட்டுக்கு அந்தச் சமரசம் தேவையே இல்லை. அதன் எடை ஏறக்குறைய நிலையானது. ஆகவே, அந்த ஒரே எடைக்கென்று, நீளமான மெல்லிய பட்டைகளைப் பல அடுக்காகச் சேர்த்து ஸ்பிரிங் செய்துகொள்ள முடியும். கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் உள்ள டீவர், கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் உள்ள ஆல்கன் போன்ற பட்டறைகள் வாடிக்கையாளர் தரும் எடையைக் கொண்டு அப்படியே செய்து தருகின்றன. இந்த மாற்றத் தொழிலில் கொடுக்கும் பணத்துக்கு மிகுந்த பலன் தருவது இதுதான் என்று நான் கருதுகிறேன். இதற்குப் பதிலாக, இருக்கும் அடுக்கோடு ஒரு தடித்த பட்டையை நுழைப்பது வண்டியின் பின்புறத்தை உயர்த்தும். ஆனால் அந்த ஒற்றைப் பட்டையே பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கி, ஓட்டத்தைக் கடினமாக்கிவிடும். காற்றுப் பைகளைப் பொருத்துவதும் பரவலான வழக்கம். ஒருபுறம் சாயும் வண்டியை நேராக நிறுத்தவும், எப்போதாவது டிரெய்லர் இழுக்கவும் அவை உதவுகின்றன. தளர்ந்துபோன ஸ்பிரிங்கையும் மிஞ்சிய எடையையும் மறைக்கத்தான் அவற்றை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. இரண்டு பக்கமும் காற்று நிரம்பிய பை, அச்சு தாராளமாகச் சாய்வதையும் தடுக்கிறது.

ஷாக் அப்சார்பர் பற்றி விளம்பரங்கள் பேசும் அளவுக்குப் புரிதல் இல்லை. அதன் வேலை எடையைத் தாங்குவது அன்று. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவது. எனவே ஸ்பிரிங் தவறாக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கும் அதைச் சரிசெய்யாது. மேற்கு அமெரிக்காவின் மண்சாலைகளில் வேனைச் சோதிப்பது பாறைகளைவிட, அடுக்கடுக்காக வரிபோட்டு நிற்கும் மேடுகள்தான். மரணப் பள்ளத்தாக்கின் ரேஸ்டிராக் சாலை அப்படி ஏறத்தாழ 27 மைல் நீளத்துக்குக் குலுக்குகிறது. இந்த வரிகள் தோன்றுவதற்கு வண்டியின் ஸ்பிரிங்கூடத் தேவையில்லை, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் உருளும் சக்கரமும் தளர்ந்த மணலும் இருந்தாலே போதும் என்று 2007இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அத்தகைய சாலையில் நான்கு டன் வேன் ஒரு மணி நேரம் ஓடினால் சாதாரண ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் சூடேறி, நுரைத்து, அடக்கும் சக்தியை இழக்கிறது. தனியாக எண்ணெய்க் கலம் இணைந்த பெரிய ஷாக்குகளின் உண்மையான பயன் இங்கேதான். வெப்பத்தைத் தாங்க அவற்றில் அதிக எண்ணெயும் வெளிப்பரப்பும் உண்டு. தார்ச்சாலையை விட்டு அரிதாகவே இறங்குகிறவருக்கு அவை வீண் செலவு. மண்சாலையில் இறங்கியதும் டயரின் காற்றைக் குறைத்து, தார்ச்சாலைக்குத் திரும்பியதும் நிரப்பிக்கொள்ளும் பழக்கத்தை யாரும் விற்க முடியாததால்தான் அது விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை போலும். ஒரு காற்றழுத்த மானியும் சிறிய கம்ப்ரஸரும் தரும் மென்மையையும் பிடிப்பையும், அதே விலைக்கு வேறு எந்தப் பொருளும் தருவதில்லை.

சஸ்பென்ஷனை வெறும் சொகுசாகப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கும் சமமான திருகுவிசையைத்தான் தரும். ஒன்று அந்தரத்தில் சுழன்றால் மற்றதற்கும் அந்த அற்ப விசையே கிடைக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பின் அச்சுகளைப் பூட்டி வைத்தாலும், முன்னே ஒரு சக்கரமும் பின்னே குறுக்குமூலையில் ஒரு சக்கரமும் தரையை விட்டால் நான்கு சக்கர வண்டி நின்றுபோகும். ஓடைக்கரைகளிலும் மழை அரித்த தடங்களிலும் நடப்பது இதுதான். அப்படியானால், சக்கரங்களை எப்போதும் தரையோடு வைத்திருக்கும் நெகிழ்வான நீண்ட ஸ்பிரிங்கே பாதி இழுவை. விறைத்த ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் உயரமான வேன் மூன்று காலில் நிற்கும் நாற்காலியைப் போல ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை நகர்த்த இரண்டு டிஃபரன்ஷியல் பூட்டுகள் வேண்டியிருக்கும். சக்கரம் தூக்காத வேனுக்குப் பின்னால் ஒரு பூட்டு போதும், பல சமயம் அதுவும் வேண்டாம். முன் அச்சிலும் பூட்டு வைத்துக்கொள்வது பாறை ஏறுகிறவர்களுக்குச் சரி. முன்சக்கரங்களைப் பூட்டினால் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும், அச்சின் ஜாயின்ட்டுகள் மேல் பாரம் கூடும். கனத்த வேனில் இது சிறு விஷயமில்லை.

உயரம் பற்றிய மயக்கத்தைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் பணமும் பாதுகாப்பும் அதிகம் இழக்கப்படுவது இங்கேதான். ஒற்றை உருளையான திட அச்சு உள்ள வண்டியில் ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் டிஃபரன்ஷியலின் அடிவயிறு ஒரு மயிரிழைகூட உயராது. அதை உயர்த்துவது டயரின் ஆரம் மட்டுமே. ஈ-350க்கு வழக்கமாக வந்த 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 30.5 அங்குலம். அதற்குப் பதில் 35 அங்குல டயர் போட்டால் அச்சுக்கு அடியில் கிடைப்பது 2.25 அங்குலம்தான். ஸ்பிரிங்கின் உயரம் வேனின் நடுவயிற்றையும் முன் பின் விளிம்புகளையும் காப்பாற்றும். நீண்ட வேனுக்கு அது தேவைதான், குறிப்பாகப் பின்சக்கரத்துக்கு அப்பால் வெகுதூரம் நீண்டிருக்கும் வகைகளுக்கு. அச்சின் அசைவுக்கு இன்ஜினின் எண்ணெய்த் தொட்டி இடம்விட வேண்டும் என்பதால் ஈ-சீரிஸில் பொதுவாக 4 முதல் 6 அங்குலம் வரை உயர்த்த வேண்டியும் வருகிறது. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு அங்குலமும் தோற்றத்துக்காகத்தான். பெரிய டயருக்கு இன்னொரு விலையும் உண்டு. 4.10 என்ற அச்சு விகிதம் 35 அங்குல டயருடன் சுமார் 3.57 ஆக நடந்துகொள்ளும். மலையேற்றத்தில் கியர்பெட்டி சூடேறும். பழைய நிலைக்கு அருகே வர 4.56 அல்லது 4.88 பற்சக்கரங்களை முன்பின் இரண்டு அச்சிலும் மாற்ற வேண்டும். 33 அங்குலத்தில் நின்றுகொண்டால் இந்தச் செலவின் பெரும்பகுதி மிச்சம், கதவு நிலைகளையும் சக்கரக் குழிகளையும் வெட்ட வேண்டிய வேலையும் குறையும். டயரும் உயரமும் பொருந்தாமல் போவது சிறு பட்டறைகளுக்கு மட்டுமே நேர்வதில்லை. ஃபோர்டே 3.5 அங்குலம் உயர்த்தி, 30.5 அங்குல டயர்களுடன் 2023 மாடலாக விற்ற டிரான்சிட் டிரெயில் வேனை, முன் டயர்கள் சக்கரக் குழியின் உறையில் உரசக்கூடும் என்பதால் திரும்ப அழைக்க நேர்ந்தது.

கவிழும் ஆபத்தைப் பற்றி ஈ-350 விஷயத்தில் ஊகம் தேவையில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் 15 பேர் ஏறும் வேன்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தனி வாகன விபத்துகளில், பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறிய வேன்கள் கவிழும் விகிதம், சிலர் மட்டுமே ஏறிய வேன்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அது கண்டது. ஆட்கள் ஏற ஏற ஈர்ப்பு மையம் மேலும் பின்னும் நகர்வதே காரணம். ஈ-350 அந்த வகை வேன்களில் பெரிதும் பரவியிருந்த ஒன்று. அதே உடலை எடுத்து, மேலே கூரைப்பெட்டியும் பக்கங்களில் மரச்சுவர்களும் வைத்து, கீழே உயர்த்தவும் செய்கிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நிலைத்தன்மையைக் கணக்கிடும் எளிய வழி, இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தின் பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுப்பது. அகலம் 1.75 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.90 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.97 வருகிறது. 4 அங்குல ஸ்பிரிங்கும் 35 அங்குல டயரும் சேர்ந்து ஈர்ப்பு மையத்தைச் சுமார் 15 செ.மீ. தூக்கினால் அது 0.83 ஆகக் குறையும். எண்கள் ஒவ்வொரு வேனுக்கும் மாறும், குறையும் திசை மாறாது. திடீரென ஒரு மான் குறுக்கிட, ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியவரும். 10,000 பவுண்டுக்கு உட்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்ற விதி 2011 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மாற்றத்துக்குப் பின் அந்தக் கருவி வேலை செய்கிறதா, சக்கர வேக உணரிகள் சரியாக இணைக்கப்பட்டனவா, புதிய டயர் அளவைக் கணினிக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்காமல் எவரும் பணம் கொடுக்கக் கூடாது.

இனி அச்சு. ஃபோர்டு ஈ-சீரிஸின் முன்புறம் இரட்டை ஐ-பீம் என்ற அமைப்பு. இரண்டு தனித்தனிக் கைகள் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்கத்தில் ஊன்றி நிற்கும். மிக உறுதியானது. ஆனால் அதை உயர்த்தினால் சக்கரத்தின் சாய்வு மாறும், அலைன்மென்ட் கெட்டு டயர் ஓரம் தேயும். ஃபோர் வீல் டிரைவ் ஆக்கும்போது பெரும்பாலான பட்டறைகள் அதை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்பின் டானா 60 வகைத் திட அச்சை வைக்கின்றன. 1999 முதல் 2004 வரையான சூப்பர் டியூட்டியின் முன்புறம் பட்டை ஸ்பிரிங். 2005 முதல் சுருள் ஸ்பிரிங்கும் அச்சைப் பிடித்திருக்கும் ஆரக்கைகளும். எது மேல் என்ற வாக்குவாதம் நீண்டுகொண்டே இருக்கிறது. பட்டை ஸ்பிரிங்குக்காகப் பேசுகிறவர்கள் அதன் எளிமையைச் சொல்கிறார்கள். பாரம் தாங்குவதும் அச்சை இடத்தில் வைப்பதும் ஒரே உறுப்பு, எந்தச் சிற்றூர்க் கொல்லனும் பழுது பார்ப்பான், மெக்சிகோவின் பாஹா மணல்வெளியில் உடைந்தாலும் ஒப்பேற்றலாம். இந்த வாதத்துக்கு மதிப்புண்டு. இருந்தாலும் முன்புறப் பட்டை ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டியிருப்பதால், அதன் மீது அமர்ந்து ஆயிரம் மைல் ஓட்டுகிறவர் களைத்துப்போவார். பிரேக் பிடிக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும் இயல்பும் உண்டு. சுருள் ஸ்பிரிங்கோ பாரம் தாங்கும் வேலையை மட்டும் செய்கிறது. முன் அச்சின் எடைக்கு ஏற்ற சுருளைத் தேர்ந்து மாற்றுவதும் எளிது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தொலைதூரப் பாலைவனம் போய், மற்ற நாளெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடும் வேனுக்கு 2005 முதலான சுருள் அச்சே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சுருள் அச்சுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வடிவியல் சரியாக அமைந்திருக்க வேண்டும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் கம்பியும் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறக்குறைய சம நீளத்தில் இருக்க வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானாக ஒடியும். சக்கரம் பின்சாய்ந்து நிற்கும் கோணம் போதாமல் இருந்தால் வண்டி நேர்க்கோட்டில் நிற்காது. இவற்றோடு தேய்ந்த புஷ்களும் சேர்ந்தால், ஓட்டுநர்கள் டெத் வாபிள் என்று அஞ்சும் நடுக்கம் நெடுஞ்சாலை வேகத்தில் முன்சக்கரங்களைப் பிடித்து உலுக்கும். ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை மாட்டி அதை அடக்குகிற பட்டறை நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் ஆற்றுகிறது. சிறியதாகத் தோன்றி, பெரிதாகத் தொல்லை தரும் இன்னொன்று போல்ட் வட்டம். ஈ-350இன் எட்டு போல்ட்டுகள் 6.5 அங்குல வட்டத்தில் இருக்கின்றன. 1999 முதலான சூப்பர் டியூட்டி அச்சில் 170 மி.மீ. வட்டம். இரண்டுக்கும் வித்தியாசம் 5 மி.மீ. மட்டுமே, ஆனாலும் முன்சக்கரம் பின்னே மாட்டாது. ஆகவே முன்பக்க ஹப்பையோ பின் அச்சையோ மாற்றி ஒரே வட்டமாக்காவிட்டால் இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டும். விலைப்பட்டியலில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பவர் சிலரே. அதேபோல முன்பின் அச்சுகளின் பல் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். சிறிது மாறினாலும் நான்கு சக்கரத்தில் ஓடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு பாழாகும்.

இவ்வளவு பாடு எதற்கு, தொழிற்சாலையிலேயே நான்கு சக்கரமும் ஓட்டும் வேனை வாங்கிவிடலாமே என்ற மறுப்பு வலுவானது. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் 4x4 அமெரிக்காவில் 2015 மாடலாக வந்தது. தொழிற்சாலையிலேயே முன்புறம் 110 மி.மீ., பின்புறம் 80 மி.மீ. உயர்த்தப்பட்டது, விசை முன்னுக்கு 35, பின்னுக்கு 65 என்று பிரியும். டிஃபரன்ஷியல் பூட்டு கிடையாது, சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தும் மின்னணு முறைதான். ஃபோர்டு டிரான்சிட்டுக்கு 2020 மாடலில் ஆல் வீல் டிரைவ் வந்தது. பனிப்பொழிவில் பாதி தாரும் பாதி உறைபனியுமாக இருக்கும் மலைச்சாலையில் இவை திட அச்சு வேனைத் தோற்கடிக்கும். பழைய வகை டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பின் அச்சுகளை இறுகப் பூட்டுவதால் உலர்ந்த தார்ச்சாலையில் அதைப் பயன்படுத்தக் கூடாது. வளைவுகளில் முறுக்கம் ஏறும். பனிச்சறுக்கு மலைக்குப் போய் வருகிறவருக்கு, செப்பனிட்ட மண்சாலையில் ஓடுகிறவருக்கு, இந்தப் புதிய வேன்களே பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன். அவர் பணத்தைச் செலவிட வேண்டியது எடைக்கேற்ற பின்புற ஸ்பிரிங்கிலும் நல்ல ஷாக்கிலும் டயரிலும் மட்டும். ஆனால் ஸ்பிரின்டரின் மெதுகியர் (லோ ரேஞ்ச்) 1.42 மடங்குதான் வேகத்தைக் குறைக்கும். அமெரிக்காவில் 2023 முதல் வரும் ஆல் வீல் டிரைவ் ஸ்பிரின்டரில் அதுவும் இல்லை, டிரான்சிட்டில் என்றுமே இருந்ததில்லை. யூட்டா மாநிலத்துக் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் 100 மைல் ஒயிட் ரிம் சாலைக்கு, தரையிலிருந்து போதிய உயரமும் மெதுகியரும் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் விதித்திருக்கிறது. அந்தத் தடங்கள்தான் இலக்கு என்றால், தனி சேசிஸின் மேல் அமர்ந்த ஈ-சீரிஸுக்கு இன்னும் மாற்று வரவில்லை.

மெதுகியரின் பொருளைக் கணக்கில் பார்த்தால் புரியும். 6.0 லிட்டர் டீசல் ஈ-350இன் கியர்பெட்டியில் முதல் கியர் 3.11, அச்சு 4.10 என்றால் மொத்தக் குறைப்பு 12.75 மடங்கு. சூப்பர் டியூட்டியிலிருந்து எடுக்கும் என்வி271 டிரான்ஸ்ஃபர் கேஸின் 2.72 சேர்ந்தால் சுமார் 34.7 ஆகிறது. 35 அங்குல டயருடன் இன்ஜின் 700 சுற்றில் ஓடும்போது முன்னது மணிக்கு 9 கி.மீ.க்கு மேல் இழுக்கும். பின்னது மூன்றரை கி.மீ.யில் நடத்தும். நான்கு டன் வேன் பாறைப்படியில் இறங்கும்போது பிரேக்கை எரிக்காமல் இறக்குவது இந்த வேறுபாடு. 3.0, 3.8, 4.3 என்றெல்லாம் கிடைக்கும் அட்லஸ் டிரான்ஸ்ஃபர் கேஸை விரும்புகிறவர்கள் உண்டு. தரமான பொருள், சத்தமும் விலையும் அதிகம். 2.72 போதாத இடத்துக்குப் பயணவீட்டை ஓட்டிச் செல்வதே சரியா என்று முதலில் யோசிப்பது நல்லது.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பையும் ஒதுக்க முடியாது. பின்சக்கர ஓட்டமுள்ள வேனில் நல்ல டயர், பின்புறப் பூட்டு, சரியான ஸ்பிரிங், ஒரு மண்வாரி இருந்தால் மக்கள் போகிற இடங்களில் பெரும்பகுதிக்குப் போய்விடலாம்; ஃபோர் வீல் டிரைவ் இன்னும் தொலைவில் போய்ச் சிக்கத்தான் உதவும் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. சொல்லப்போனால் என் வாதத்துக்கு அதுவே சான்று. சஸ்பென்ஷனையும் டயரையும் முதலில் சரிசெய்துவிட்டு ஓராண்டு ஓட்டிப் பார்க்கிறவர்களில் கணிசமானோருக்கு, பத்தாயிரம் டாலருக்கும் மேலாகும் முன் அச்சு தேவையே இல்லை என்று தெரியவரும். தேவைப்படுகிறவர்களுக்கும் செலவு வீணாகாது, பின்புற ஸ்பிரிங்கும் ஷாக்கும் அப்படியே பயன்படும். இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. மணலில் தாழ்ந்த வண்டியை விசை கூட்டி வேகமாக எறிந்து கடக்க முயல்வதுதான் பின்சக்கர வண்டிகளை உடைக்கிறது, தடத்தையும் குதறிவிடுகிறது. நான்கு சக்கரமும் மெதுகியரில் உருளும் வண்டி அதே இடத்தை நிதானமாக, மண்ணைக் கிளறாமல் கடக்கும். தடம் கெடாமல் இருப்பது அடுத்து வருகிறவருக்கு மட்டுமல்ல, அந்தப் பாலைநிலத்துக்கும் வேண்டியது.

புதிய ஈ-சீரிஸ் வேன் இப்போது கிடைப்பதில்லை என்பதால், இன்றைக்குத் தேர்வு பெரும்பாலும் யாரோ முன்பே மாற்றிய பழைய வண்டிக்குள்தான். அங்கேயும் அதே வரிசைதான் உதவும். விலை பேசுமுன் எடைமேடைக்கு ஓட்டிப்போக விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேட்க வேண்டும். பின்பு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரக் குழிகளின் உயரத்தையும் அளந்தால் தளர்ந்த ஸ்பிரிங் தெரிந்துவிடும்; காற்றுப் பை இருந்தால் காற்றை இறக்கிவிட்டு அளக்க வேண்டும். முன் டயரின் உள்ளோரமும் வெளியோரமும் சீராகத் தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கலாம். அடியில் படுத்து, பான்ஹார்ட் கம்பியும் ஸ்டியரிங் கம்பியும் இணையாக ஓடுகின்றனவா, பற்றவைப்பின் ஓரங்களில் துரு கசிகிறதா, பிரேக் குழாய்கள் அச்சு முழுதும் இறங்கும் அளவுக்கு நீளமாக உள்ளனவா என்று காண வேண்டும். முன்சக்கர போல்ட் வட்டத்தைப் பின்சக்கரத்தோடு ஒப்பிட வேண்டும். இன்றியமையாத காகிதம், மாற்றத்தில் பயன்பட்ட ஒவ்வொரு உறுப்பும் எந்த ஆண்டு, எந்த மாடல் வண்டியிலிருந்து வந்தது என்ற பட்டியல். வீல் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ யூ-ஜாயின்ட்டோ நெவாடாவின் ஒரு சிற்றூரில் போய்விட்டால், உதிரிபாகக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி வண்டியின் ஆண்டும் மாடலும்தான். 2006 ஈ-350இன் முன்புறத்தில் 2008 எஃப்-350இன் அச்சு இருப்பது எழுத்தில் இருந்தால் அன்றைக்கே உறுப்பு கிடைக்கும். தாமே உருவாக்கிய உறுப்புகளை மட்டும் வைத்துக் கட்டும் பட்டறையைவிட, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் பிக்கப் உறுப்புகளைக் கொண்டு கட்டி, அந்தப் பட்டியலையும் கையில் கொடுக்கும் பட்டறையை நான் மேலாகக் கருதுவதற்குக் காரணம் இதுவே.